இனிப்பும் காரமுமாக இறால் சுட்டால் கருகிப் போகிறது, வெரசாகச் செய்ய வழி இருந்தால் சொல்லுங்க

பனியன் ஊர்க்காரி (திருப்பூர்)
செவ்வாய், இரவு 10:15

எல்லாருக்கும் வணக்கமுங்க. முதல் தடவையாக இங்கே கேள்வி கேட்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வீடு வந்து சேர ஏழரை ஆகும், ஷிப்மென்ட் வாரம் என்றால் எட்டரை. பெரியவன் போன மாதம் ஒரு ரிசப்ஷனில் குச்சியில் குத்திச் சுட்ட இறாலைச் சாப்பிட்டுவிட்டு வந்தான், இனிப்பாகவும் இருந்ததாம் காரமாகவும் இருந்ததாம், அன்றிலிருந்து "அம்மா அந்த எறா" என்று ஒரே நச்சரிப்பு. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி அல்லது கோழி, எப்போதாவது கட்லா வரும். இறால் எனக்கே புதுசு.

சரி, செய்துதான் பார்ப்போமே என்று நேற்று அரை கிலோ உறைந்த இறால் பாக்கெட் வாங்கினேன். சாயங்காலம் நேரம் இருக்காதே என்று இன்று காலை ஆறு மணிக்கே தேன் மூன்று ஸ்பூன், ஒரு முழு எலுமிச்சை, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, சோயா சாஸ், உப்பு எல்லாம் போட்டுப் பிசறி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். ராத்திரி வந்து தவாவில் மொத்தத்தையும் கொட்டினால் முதலில் ரசம் மாதிரி தண்ணீர் விட்டது, அது வற்றட்டும் என்று நின்றேன், வற்றினதும் தேன் அப்படியே கரியாகிப் புகை மண்டிவிட்டது. மாமியார் பொடக்காணியிலிருந்து ஓடி வந்து "ஏஞ்சாமி, என்ன தீயுது?" என்கிறார். இறால் மேலே கசப்பு, உள்ளே ரப்பர் பேண்டு. சின்னவள் துப்பிவிட்டாள். பெரியவன் மட்டும் ரோஷத்துக்கு நாலு தின்றான், பாவம்.

அரை மணி நேரத்துக்குள் இது நடக்கிற காரியமா? ஓவன் கிடையாது, மாடியில் கரி அடுப்பு வைக்க இடம் இருக்கிறது, ஆனால் ஆபீஸ் நாளில் அதெல்லாம் ஆகாது. எங்கே தப்பு பண்ணினேன்?


பந்திச் சட்டி (ஈரோடு)
செவ்வாய், இரவு 11:02

அம்மிணி, சாமான் எல்லாம் சரி, வரிசைதான் தலைகீழ். பந்தி வேலைக்கு இருபது வருசமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், நானும் முதல் தடவை இதே மாதிரி கருக்கி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

முதலில் தேன். அதில் இருக்கிற பழச்சர்க்கரை 110 டிகிரி பக்கமே நிறம் மாற ஆரம்பித்துவிடும், வெள்ளைச் சர்க்கரைக்கு 160 வேண்டும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல் 200ஐத் தாண்டி நிற்கும். அப்புறம் தேன் தடவின இறாலை அதில் போட்டால் இறால் வேகிறதற்குள் தேன் தீயத்தான் செய்யும். அதனால் இனிப்பு எதுவாக இருந்தாலும் கடைசி ஒரு நிமிடம்தான் அடுப்பைப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் கூடாது.

இரண்டாவது எலுமிச்சை. புளிப்பு பட்டால் இறால் சதை அடுப்பில்லாமலே இறுகிவிடும். பெரு நாட்டில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்தே செவிச்சே என்று சாப்பிடுகிறார்கள், அதற்கே அரை மணி நேரம் எச்சு. நீங்கள் பதிமூன்று மணி நேரம் ஊற வைத்திருக்கிறீர்கள்! ஆட்டுக்கறி தாங்கும், இறால் தாங்காது.

மூன்றாவது தண்ணீர். உறைந்த இறால் மேலே ஐஸ் பூச்சு இருக்கும், சதை காயாமல் இருக்கப் பாஸ்பேட் உப்பில் முக்கியும் சில இடங்களில் விற்கிறார்கள், அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சட்டியில் விடும். போதாக்குறைக்கு நாள் முழுக்க உப்பில் ஊறியிருக்கிறது. அரை கிலோவை ஒரே தடவையில் கொட்டினால் கல் சூடு இறங்கி, வறுபடாமல் வேகும்.

நான் செய்கிற விதம் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் குக்கரில் அரிசியைப் போட்டுவிடுங்கள். பாக்கெட்டை அப்படியே பிரிக்காமல் பச்சைத் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டால் உறைந்தது இளகிவிடும், வெந்நீர் வேண்டாம். காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டுப் போனால் அந்த வேலையும் மிச்சம். முதுகில் கறுப்பு நூல் இருந்தால் பல் குத்தும் குச்சியால் இழுத்துவிட்டு, கழுவி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது, இந்த ஒரு வேலைக்குச் சோம்பல் படாதீர்கள். அப்புறம் அரை ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், கால் ஸ்பூன் மஞ்சள், ஒரு ஸ்பூன் எண்ணெய், அவ்வளவுதான். (ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்காக அள்ளிப் போட வேண்டாம், கசக்கும். ஊர்க்காரனே சொல்கிறேன்.)

அது பத்து நிமிடம் இருக்கட்டும். அதற்குள் சின்ன வடச்சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஐந்து பல் பூண்டை நசுக்கிப் போட்டு, அது சிவப்பதற்கு முன்னால் ஒன்றிரண்டாக இடித்த வறமிளகாய் நாலு, நாட்டுச் சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, கெட்டியான புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு கரண்டி தண்ணீர். தேன் பதத்துக்கு வந்ததும் இறக்குங்கள், ஆறினால் இன்னும் இறுகும். தேனை விட நாட்டுச் சர்க்கரைதான் இதற்கு என் ஓட்டு. எங்கள் பக்கம் கவுந்தப்பாடிச் சர்க்கரை இருக்கிறதே, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு, அதில் புளி சேர்ந்தால் ஒரு கருப்பட்டி வாடை வரும், தேனில் அது வராது.

கல் நன்றாகக் காயட்டும், தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓட வேண்டும். இறாலை ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்குங்கள், அரை கிலோ என்றால் இரண்டு ஈடு. போட்டதைக் கிண்டாதீர்கள். ஒன்றரை நிமிடம், திருப்பிப் போட்டு ஒரு நிமிடம், தீயைக் குறைத்து அந்தப் பாகைத் தடவி இரண்டு பக்கமும் அரை அரை நிமிடம். இறக்கின பிறகு வேண்டுமானால் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

பதம் எப்படித் தெரியும் என்றால், பிறை மாதிரி வளைந்து கண்ணாடித் தன்மை போய் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஆனால் எடுத்துவிடலாம். வாலும் தலைப்பக்கமும் தொட்டுக்கொண்டு வட்டமாகச் சுருண்டால் அளவுக்கு மேலே வெந்துவிட்டது என்று அர்த்தம்.


பள்ளிபாளையத்தான்
புதன், காலை 6:40

எல்லாம் சரிங்கண்ணா, இறாலுக்கு எதுக்குங்க சர்க்கரை? நல்ல இறாலை வெறும் உப்பில் வேக வைத்துத் தின்று பாருங்கள், அதுவே இனிக்கும். அதன் மேலே பாகு ஊற்றினால் இறாலும் தெரியாது காரமும் தெரியாது, மிட்டாய்தான் தெரியும்.

நம்ம ஊர்க் கோழி வறுவல் முறையிலேயே இனிப்பும் காரமும் வருகிறதே. கடலெண்ணெயில் பத்துப் பன்னிரண்டு வறமிளகாயைக் கிள்ளி விதையை உதறிப் போடுங்கள், ஒரு கை சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய், மஞ்சள், உப்பு. சோம்பு இல்லை, கரம் மசாலா இல்லை, ஒன்றும் இல்லை. வெங்காயம் நன்றாக வதங்கித் தேங்காய் ஓரம் சிவந்த பிறகு, கடைசியில் தீயைக் கூட்டி இறாலைப் போட்டு மூன்று நிமிடம் புரட்டினால் முடிந்தது. வெங்காயமும் தேங்காயும் கொடுக்கிற இனிப்பு போதாதா? கோழிக்கு அரை மணி ஆகிற இடத்தில் இதற்குப் பத்து நிமிடம். கல்லில் எதுவும் ஒட்டாது, மாமியாரும் ஓடி வர மாட்டார்.


பந்திச் சட்டி (ஈரோடு)
புதன், காலை 7:15

மாப்பிள்ளை, நீ சொல்வது வறுவல், நானும் ஆற்றைத் தாண்டி வந்து தின்றிருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன். பையன் கேட்டது சுட்டது. மேலே பளபளவென்று ஒட்ட வேண்டும், ஓரம் லேசாகக் கருக வேண்டும், அவனுக்கு அதுதான் வேண்டும். உன் வறுவலைக் கொடுத்தால் "இது அது இல்லை" என்று அம்மாவிடம் மறுபடியும் ஆரம்பிப்பான்.


தொட்டிக்கரி (கோபி)
புதன், காலை 9:30

மாடியில் இடம் இருக்கிறது என்று சொன்னதால் எழுதுகிறேன், ஆபீஸ் நாளுக்கு வேண்டாம், சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கவுச்சி இல்லை என்றால் ஞாயிறு.

கல்லில் செய்கிறது சுட்ட மாதிரி. கரியில் செய்கிறதுதான் சுட்டது. கடையில் மரக்கரி வாங்காமல் தேங்காய்த் தொட்டிக் கரி கிடைத்தால் பாருங்கள், காங்கேயம் பொள்ளாச்சிப் பக்கம் அதைச் சுட்டு மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்புகிறார்கள், நமக்குக் கிடைக்காமலா போகும். சூடு எச்சு, புகை கம்மி, நின்று எரியும். பற்ற வைத்ததும் இறாலைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. கரி மேலே சாம்பல் பூத்துச் சுவாலை அடங்கின பிறகு, நாலு விரல் உயரத்தில் கம்பி வலை. எங்கள் வீட்டில் இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுப் பழைய ஃப்ரிட்ஜ் தட்டை மேலே வைத்துத்தான் முதலில் சுட்டோம், தங்கை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அந்தத் தட்டின் பூச்சு சூட்டுக்கு ஆகாது என்று திட்டினார், அப்புறம் வெல்டிங் பட்டறையில் சாதா இரும்புக் கம்பியில் ஒன்று அடித்து வாங்கினேன். சைக்கிள் போக்ஸ் கம்பியில் குத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதன் மேலும் பூச்சு உண்டு, வேண்டாம்.

மூங்கில் குச்சி என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறட்டும், இல்லாவிட்டால் குச்சிதான் முதலில் வேகும். ஒரு குச்சியில் குத்தினால் திருப்பும்போது இறால் அப்படியே நின்றுகொண்டு குச்சி மட்டும் சுற்றும், அதனால் இரண்டு குச்சியை ஏணி மாதிரி வைத்துக் குத்துங்கள். நாலைந்தை ஒரே வீச்சில் திருப்பிவிடலாம். பாகு தடவுகிற விஷயத்தில் ஈரோட்டண்ணன் சொன்னதேதான், கடைசியில். கரியில் சொட்டினால் குப்பென்று தீ எழும்பும், அப்போது சட்டென்று ஓரத்துக்கு நகர்த்துங்கள்.

மழை வருகிறது என்று கரி அடுப்பைத் தூக்கிச் சமையலறைக்குள் மட்டும் கொண்டு போய்விடாதீர்கள். கதவைச் சாத்தின அறையில் கரிப்புகை மூச்சை நிறுத்திவிடும், வாடையும் தெரியாது.


பனியன் ஊர்க்காரி (திருப்பூர்)
புதன், மதியம் 1:20

அண்ணன்மாரே, சாப்பிட்டுக்கொண்டே படித்தேன், ரொம்ப நன்றிங்க. இரண்டு சந்தேகம். உறைந்தது நல்லதா, மார்க்கெட்டில் வாங்குகிறது நல்லதா? அப்புறம் வீட்டில் இருப்பது மாமியாருடைய இரும்புத் தோசைக்கல், முப்பது வருசத்துக் கல், அதில் பாகைத் தடவினால் மறுநாள் தோசை வருமா? வரவில்லை என்றால் நான் வீட்டில் இருக்க முடியாது.


நொய்யல் நங்கை (கோவை)
புதன், மாலை 4:05

தோசைக்கல்லைத் தொடாதீர்கள் தங்கம். அனுபவம். பாகு பட்ட கல்லில் நாலு நாளைக்குத் தோசை பிய்ந்து பிய்ந்துதான் வரும். சப்பாத்திக் கல் இருந்தால் அது, இல்லாவிட்டால் அகலமான இரும்பு வடச்சட்டி. நான் இறாலை மட்டும் கல்லில் போட்டெடுத்து, பாகு இருக்கிற சட்டியில் கொட்டி அங்கேயே ஒரு நிமிடம் புரட்டிவிடுவேன், கல் சுத்தமாக இருக்கும். சட்டியில் பாகு ஒட்டினால் சூடாக இருக்கும்போதே தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் தானாகக் கரைந்து வந்துவிடும், ஆறவிட்டுச் சுரண்டினால் கைதான் வலிக்கும். நான்ஸ்டிக் என்றால் வெறும் தவாவை இப்படிக் காய விடக் கூடாது, பூச்சே புகைய ஆரம்பித்துவிடும்.

வாங்குகிற கதைக்கு வருகிறேன். நமக்குக் கடல் எங்கே இருக்கிறது? எங்கள் கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு வருகிற சரக்கில் ஒரு பங்கு பாலக்காட்டு வழியாகக் கேரளாவிலிருந்து, இன்னொரு பங்கு ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கமிருந்து. எல்லாமே ஐஸ் பெட்டியில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்துதான் வருகின்றன. அதனால் "ஃப்ரெஷ்" என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம், நன்றாக உறைய வைத்த பாக்கெட் பல நாள் அதைவிட மேல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு போகாது, அது முடிகிற சமயத்தில் கேரளாவில் தடை தொடங்கி ஜூலை 31 வரை போகும். அந்த மாதங்களில் கடல் இறால் கம்மி, நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் குளத்தில் வளர்த்த வனாமிதான். அது தென் அமெரிக்கப் பக்கத்துப் பசிபிக் கடல் சாதி, 2009இல் இங்கே வளர்க்க அனுமதி கொடுத்தார்கள், இப்போது ஆந்திராவிலும் நம் கடலோரத்திலும் எங்கே பார்த்தாலும் அதுதான். தோல் மெலிசு, சதை இனிப்பு, நீங்கள் செய்யப் போகிறதற்கு அதுவே போதும்.

கடையில் கேட்கும்போது கவுண்ட் கேளுங்கள், கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று. சுடுவதற்கு முப்பது நாற்பது நிற்கிற அளவு வேண்டும். நூறு நிற்கிற பொடி இறால் தொக்குக்குத்தான், கல்லில் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் சுருண்டுவிடும். தலையோடு ஒரு கிலோ வாங்கினால் உரித்த பிறகு அரை கிலோ சொச்சம்தான் மிஞ்சும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். (நான் போனேன்.) ஓடும் சதையும் இறுக்கமாக இருக்க வேண்டும், மூக்கில் சுருக்கென்று அம்மோனியா வாடை ஏறினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள், எந்த மசாலாவும் அதை மூடாது.

எல்லாரும் பக்குவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒருவரும் இதைச் சொல்லவில்லை. சின்னவள் இதற்கு முன் இறால் சாப்பிட்டிருக்கிறாளா? என் அக்கா மகனுக்கு முதல் தடவை இரண்டு இறால் தின்ற கால் மணி நேரத்தில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு, ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இறாலில் இருக்கிற ஒரு புரதம்தான் காரணம், எவ்வளவு வேக வைத்தாலும் அது போகாது என்று டாக்டர் சொன்னார். நண்டும் அதே கணக்குத்தான். அதனால் பழக்கமில்லாத பிள்ளைக்கு முதலில் ஒரு சின்னத் துண்டு கொடுத்துப் பாருங்கள். உதடு, நாக்கு அரிக்கிறது என்றாலோ தடிப்பு வந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள், மூச்சு இழுத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பயமுறுத்தவில்லை, பத்தில் ஒன்பது வீட்டில் ஒன்றும் ஆகாது.


பள்ளிபாளையத்தான்
புதன், இரவு 8:50

நங்கை சொன்னது முக்கியம், மேலே தூக்கி வையுங்கள் யாராவது.

ஆனாலும் சர்க்கரை வேண்டாம்.


பனியன் ஊர்க்காரி (திருப்பூர்)
வெள்ளி, இரவு 9:35

செய்துவிட்டேனுங்க!

ஏழு நாற்பதுக்கு வீட்டுக்குள் கால் வைத்தேன், எட்டு பதினைந்துக்கு இலையில் இருந்தது. காலையிலேயே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கி வைத்துவிட்டுப் போனது பெரிய உபகாரம். ஈரத்தைத் துணியில் ஒற்றும்போது எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பார்த்தபோதுதான் செவ்வாய்க்கிழமை ரசத்தின் ரகசியம் புரிந்தது. நங்கை அக்கா சொன்ன மாதிரி இறாலைச் சப்பாத்திக் கல்லில் போட்டெடுத்துப் பாகுச் சட்டியில் புரட்டினேன், மாமியார் தோசைக்கல்லை அடுப்படியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் என்னை அடுப்புப் பக்கம் விட்டார்.

முதல் ஈடு கொஞ்சம் முந்திவிட்டது, நடுவில் கண்ணாடி மாதிரி இருந்ததால் மறுபடியும் அரை நிமிடம் போட்டேன். இரண்டாவது ஈடு அச்சாக வந்தது. வறமிளகாய் நாலு எங்கள் வீட்டுக்கு எச்சு, அடுத்த தடவை மூன்று. புளியும் நாட்டுச் சர்க்கரையும் சேர்ந்த வாடைக்குப் பெரியவன் கல்லுக்குப் பக்கத்திலேயே தட்டோடு வந்து நின்றுவிட்டான். "ரிசப்ஷன் எறா மாதிரியே இல்லை, ஆனா இதுதான் நல்லாருக்குது" என்றான். சின்னவளுக்கு ஒரே ஒரு துண்டு கொடுத்து அரை மணி நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை, அதற்குள் அண்ணன்காரன் அவள் பங்கையும் முடித்துவிட்டதால் இப்போது அழுதுகொண்டிருக்கிறாள்.

பள்ளிபாளையத்து அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வறுவலை ஞாயிற்றுக்கிழமை செய்யச் சொல்லி மாமியார் உத்தரவு. அவருக்கு இந்த இனிப்பு பிடிக்கவில்லை, "எறாப் பணியாரமா இது?" என்று கேட்டுவிட்டு ரசம் சோற்றோடு எழுந்து போய்விட்டார்.

கோபி அண்ணா, தொட்டிக்கரி திருப்பூரில் எந்தப் பக்கம் சில்லறையாகக் கிடைக்கும்? அஞ்சு கிலோ போதும்.